இரண்டு செடிக்காக வீடு மாறியவர்

எங்கள் முட்டுச்சந்தில் வாரிக் பெண்டில்பரியைப் பிடிக்கும் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. எனக்கு நிச்சயமாகப் பிடிக்காது. மனுஷன் கான்பெராவின் தெருக்களில் வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுதும் வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரி என்றுகூடப் பார்க்காமல் என் காருக்கே இரண்டு முறை சீட்டுச் செருகியவர். இரண்டாவது முறை நான் பல் டாக்டரிடமிருந்து பாதி வாய் மரத்துப்போய் வெளியே வருகிறேன், என் வண்டிக்கு முன்னால் நின்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

"ஏன்யா, என்னைத் தெரியலையா உனக்கு?" என்று கேட்டேன். மரத்த வாயில் அது எப்படிக் கேட்டதோ.

"நல்லாத் தெரியுது க்ளெனிஸ். உன் வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சக் கோட்டுல நிக்கிறதும் தெரியுது," என்றார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

அந்த மனுஷனைத்தான் பிற்பாடு என் வீட்டுப் பின்னறையில் குடிவைத்தேன். எல்லாம் தலையெழுத்து.

அவர் மனைவி ரேலீனைப் பிடிக்காதவர்கள் கிடையாது. வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வாள். அதுதான் அவள் தொழில். எங்கள் காம்பா வட்டாரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் மீசை முளைத்த ஒருத்தன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்வான். அவனுக்கு இவள் மூக்குத் துடைத்துவிட்டிருப்பாள். இந்தத் தங்கம் அந்தத் தகரத்தை எப்படிக் கட்டிக்கொண்டது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் சீட்டு வாங்கிய ஒருவன் ஆத்திரத்தில் காரைப் பின்னுக்கு எடுத்தான். சக்கரம் வாரிக்கின் வலது பாதத்தில் ஏறி இறங்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. வேலை போயிற்று. அதைவிட மோசம், தூக்கம் போயிற்று. படுத்தால் பாதத்துக்கடியில் யாரோ தீக்குச்சி கிழிப்பது போலிருக்கும் என்பார். டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது, அவர் எழுதித் தந்த கஞ்சா எண்ணெயும் ஒத்துக்கொள்ளவில்லை. பகல் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே கண் சிவந்து, நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருப்பார். பாவம் என்று எனக்கே தோன்றியது. எனக்கே!

அந்த வசந்தத்தில் அவர்கள் வீட்டு உரக்குழி ஓரம், தக்காளி நாற்றுகளுக்கு நடுவே இரண்டு கஞ்சாச் செடிகள் முளைத்தன. முதலில் பார்த்தது ரேலீன். வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"க்ளென், கொஞ்சம் இங்க வாயேன். இது நான் நினைக்கிறதுதானா?"

எட்டிப் பார்த்தேன். "அதேதான். யாரு போட்டா?"

"யாருக்குத் தெரியும்!"

எங்கள் ஊரில் கஞ்சா வளர்க்கலாம், வைத்துக்கொள்ளலாம், தன் வீட்டில் புகைக்கலாம். ஆனால் விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சும்மாகூடக் கொடுக்கக் கூடாது. அப்புறம் விதை எங்கிருந்து வரும்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: மேக்பை போட்டுவிட்டுப் போனது. வசந்தம் வந்தால் நம் தலையைக் கொத்தித் துரத்துகிற அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவைதான் ஊரில் பாதித் தோட்டத்துக்கு விவசாயி. வாரிக்குக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "பறவை மேல பழி போடுறானுங்க, வெக்கங்கெட்டவனுங்க," என்பார். கடைசியில் ஊரிலேயே நிஜமாகத் தானாக முளைத்தது அவர் வீட்டில் மட்டும்தான். அதை ஒருவரும் நம்பவில்லை.

ரேலீன் பிடுங்கக் குனிந்தாள். வாரிக் காலை இழுத்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தார்.

"இரு ரே. இதை ஒரு தடவை வளர்த்துப் பாத்துரலாமே."

"எதை? பிள்ளைங்க ஓடி விளையாடுற தோட்டம் இது. மேற்பார்வைக்கு வர்ற அம்மா சொல்லாம கொள்ளாம வந்து நிப்பாங்க. இதப் பாத்தாங்கன்னா அன்னைக்கே என் தொழில் போச்சு. ரெண்டு பேரும் எதைத் தின்கிறது?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கையப் பிடிக்கிற?"

"நான் தூங்கணும் ரே," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ரேலீன் செடியை விட்டுவிட்டாள். ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வாரிக் என் வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் போல.

"உன் பின்னறை சும்மாதானே கிடக்கு?"

என்னை விட்டுப் போன புருஷன் டிரம்ஸ் அடிப்பதற்காகக் கட்டிய அறை அது. "கிடக்கு. அதுக்கென்ன?"

"அங்க நான் குடி வரலாமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன், ரேலீன் துரத்திட்டாளா?"

"கேளு. ஆளுக்கு ரெண்டு செடி வளக்கலாம். ஆனா அவன் எங்க குடியிருக்கானோ அங்கதான் வளக்கணும். பிள்ளைங்க கைக்கு எட்டக் கூடாது. விளக்கு கிளக்குன்னு வச்சு வீட்டுக்குள்ள வளக்கக் கூடாது, வெயில்லதான் நிக்கணும். உன் தோட்டத்துல பிள்ளைங்க இல்ல, வேலி உயரம், வெயிலும் நல்லா விழுது. நான் இங்க குடியிருந்தா எல்லாம் சரியாப் போச்சு."

"அட லூசு மனுஷா! செடிய இங்க நட்டுட்டுப் போய் உன் பொண்டாட்டி பக்கத்துல படு. எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்?"

"ஒருத்தனும் பாக்க மாட்டான். ஆனா நான் அங்க படுத்தா அது தப்பான செடி. நான் இங்கதான் படுக்கணும், இங்கதான் பல்லு விளக்கணும், என் தபாலும் இங்கதான் வரணும்."

மஞ்சள் கோடு! அன்றைக்குப் பல் டாக்டர் வாசலில் பார்த்த அதே மஞ்சள் கோட்டு மூஞ்சி. கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்துவிட்டேன். தனியாக ஒற்றைத் தட்டில் சாப்பிட்டு எனக்கும் அலுத்துப்போயிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சரி, வந்து தொலை என்றேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் வழியாக ஒரு பெட்டி, ஒரு தலையணை, செடிகளைப் பெயர்த்து வைத்த இரண்டு தொட்டி வந்து சேர்ந்தன. ரேலீன் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். "செடிகிட்டப் புருஷனைப் பறிகொடுத்த முதல் பொம்பள நான்தான்டி," என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் பாத்திரத்தை வைத்த வேகத்தில் தெரிந்தது. செடியை மட்டும் அனுப்பிவிட்டு அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்பது அவள் மனத்தாங்கல். பொய்யாகக் குடியிருக்க அவருக்குத் தெரியவில்லை, என்ன செய்வது!

ஊர் வாய் சும்மா இருக்குமா? பேக்கரியில் என் தலை தெரிந்தால் பேச்சு நிற்கும். முடிவெட்டும் பெண் கத்திரிக்கோலும் கையுமாகவே கேட்டாள்: "ஏன் க்ளெனிஸ், போயும் போயும் அந்தச் சீட்டுக்காரனா? உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?" நான் அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. அந்த வயதில் என்னைப் பற்றி ஒரு வதந்தி ஓடியது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், குடிவந்து பல மாதம் வரை புகைக்க ஒரு இலை கிடையாது. செடி வளர வேண்டுமே. ராத்திரியில் மரம் தாவி வரும் போஸம் கடிக்காமல் வலை கட்டினார். வெள்ளைக் கிளி காக்கட்டூ வந்து ஒடிக்காமல் பழைய சிடிகளைத் தொங்கவிட்டார். எங்களுக்குக் குளிர் தொடங்கும் ஏப்ரலில் உறைபனி விழுவதற்குள் பூ முற்ற வேண்டும் என்று தினமும் காலையில் பிரிண்டபெல்லா மலைப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அதுவரை வலியோடு, தூக்கமில்லாமல், என் பின்னறையில் அந்தச் செடிகளுக்குக் காவல். செடிகள் என்னைவிட உயரமாக வளர்ந்து, தோட்டம் முழுக்க ஸ்கங்க் என்கிற நாற்றம் பிடித்த விலங்கை அடித்துப்போட்ட மாதிரி ஒரு வாடை. நாற்றம் என்று நான் கத்தினால், "பூ முத்துது," என்பார், பெற்ற பிள்ளையைச் சொல்வது போல.

அறுத்து, காயவைத்து, முதல் சுருட்டு தயாரான நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது புகைக்கக் கூடாது என்பது விதி. இவருக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அது பக்கம்தான்; காற்று வேலியைப் பார்த்தா வீசுகிறது என்பார். ரேலீனிடம் இருந்த பிள்ளைகளில் கடைசியாக வீட்டுக்குப் போவது ஐவி என்ற கைக்குழந்தை. அவள் அம்மா நர்ஸ். அந்த அம்மாவின் காரில் புகைக்குழாய் ஓட்டை. கிளம்பினால் தெருவே அதிரும். சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பற்றவைக்காமல், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வாரிக். கார் உறுமிக்கொண்டு முட்டுச்சந்தைத் தாண்டியது. அதன் பிறகுதான் தீப்பெட்டியை எடுத்தார்.

சின்னக் கதவைத் திறந்துகொண்டு ரேலீன் வந்தாள், கையில் ஆட்டுக்கறி அடைத்த ரொட்டி சுடச்சுட. குடிமாறிய பிறகு அவள் அந்தக் கதவைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால், மனுஷன் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். நான் எழுப்பப் போனேன். ரேலீன் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"குறட்டை விடுறான் க்ளென்," என்றாள். "கேளேன், குறட்டை விடுறான்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. ஓட்டைப் புகைக்குழாய் கத்தியதும் வாரிக் சட்டை மாற்றி, பற்றவைத்து, சாம்பல் கிண்ணத்தோடு உட்காருவார். கொஞ்ச நேரம் கழித்து ரேலீன் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு வருவாள். புகை தன் மேல் படாமல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியைப் போடுவாள். காலையில் பிள்ளைகளைத் தூக்க வேண்டுமே. சில நாள் அவள் உதட்டில் சாயம் பூசியிருப்பதைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கண்டதில்லை. ஒரே வீட்டில் இருந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், வேலிக்கு இரு பக்கம் ஆனதும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

காரையும் அவர் தொடுவதில்லை. முந்தாநாள் இழுத்தது இன்றைக்கும் எச்சிலில் காட்டிக்கொடுத்துவிடும், போலீஸ்காரன் ஊதச் சொல்லுவதோடு நாக்கையும் தடவிப் பார்ப்பான். சாவியை ரேலீனிடம் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை அவள்தான் ஓட்டுவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க நிறுத்தாதே, மஞ்சக் கோடு," என்பார். அவள் வாயில் வருகிற வசவை இங்கே எழுத முடியாது.

எனக்கு மட்டும் ஒரு மனக்குறை. முழங்கால் வலி. மாடிப்படி ஏறினால் உயிர் போகும். இவர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"வாரிக், எனக்கும் ஒண்ணு சுருட்டிக் குடேன். முட்டி கொல்லுது."

"குடுக்கக் கூடாது க்ளென்."

"விலைக்கா கேக்கிறேன்? சும்மாதானே."

"சும்மாவும் குடுக்கக் கூடாது. என் செடி எனக்கு மட்டும். உனக்கும் ரெண்டு செடி வளக்க உரிமை இருக்கு. வீட்டுக்கு மொத்தம் நாலு வரைக்கும் சட்டம் விடும்."

"விதைக்கு எங்க போவேன்? குடு ரெண்டு."

"விதையும் அப்படித்தான்."

நன்றி கெட்ட ஜென்மம்! என் மண்ணு, என் தண்ணி, என் வெயில். தோட்டத்தையே தூக்கிக் கொடுத்தவளுக்கு ஒரு இலை கிடையாதாம். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் தினமும் காலையில் என் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைத்தார், என் குழாயைச் சரிசெய்தார், படிக்கட்டில் பிடித்து ஏறக் கம்பி போட்டுத் தந்தார். இலை மட்டும் தரவில்லை. கடைசியில் நானே பேசிவிட்டேன். கோபத்தை எவ்வளவு நாள்தான் தூக்கிச் சுமப்பது?

வசந்தந்தோறும் தன் செடியின் விதையையே என் பாத்தியில் ஊன்றினார்; இப்படியே ஐவி வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடம் போனார்கள். ரேலீன் புதிதாக யாரையும் எடுக்கவில்லை, முதுகு ஒத்துழைக்கவில்லை என்றாள். ஐவி பள்ளியில் சேரும் ஜனவரிக் கோடையில், கடைசியாக அந்த ஓட்டைப் புகைக்குழாய் உறுமிக்கொண்டு போயிற்று. ரேலீன் வாசலில் தொங்கிய குழந்தைக் காப்பகப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தாள்.

இனிமேல் தடையில்லை. வாரிக் வீட்டுக்குப் போகலாம். ஆனால் செடிகள் என் தோட்டத்தில் மார்பளவு நிற்கின்றன, வேர் ஆழமாகப் போய்விட்டது, பெயர்த்து நட்டால் பிழைக்காது. பூ முற்ற ஏப்ரல் ஆகும். அவர் இப்போது வீடு திரும்பினால், செடி அவர் குடியில்லாத இடத்தில் நிற்கும். இருந்தால் மனைவி அந்தப் பக்கம் தனியாக. போனால் வருஷம் முழுக்கத் தூக்கம் இல்லை. கடையில் வாங்கவும் முடியாது, யாரும் கொடுக்கவும் முடியாது.

ரேலீன் அவரிடம் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. "பொறுத்தது பொறுத்தாச்சு, ஏப்ரல் வரைக்கும் என்ன," என்றாள். ஆனால் துணி காயப்போடும் இடத்தில் என்னிடம் கொட்டிவிட்டாள்.

"வீடு பேசவே மாட்டேங்குது க்ளென். ஒரு சின்ன அழுகைச் சத்தம் கூட இல்ல. காலையில எந்திரிச்சு யாருக்குப் பால் காய்ச்சுறதுன்னு தெரியல. டிவியப் போட்டு வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

நான் நேராகப் பின்னறைக்குப் போனேன். "ஏன்யா, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? அவ அங்க சுவத்தோட பேசிட்டிருக்கா. நீ இங்க செடிக்கு வலை கட்டிட்டிரு!"

அவர் வலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டிச் சத்தம் கேட்டு ஓடினேன். ஒரு செடி வேரோடு கீழே கிடக்கிறது. இரண்டாவதின் அடியில் மண்வெட்டியை வைத்துவிட்டு, மூச்சு வாங்க நிற்கிறார். பக்கத்தில் அவர் பெட்டியும் தலையணையும் தயாராக இருக்கின்றன.

"என்னய்யா பண்ற!"

"வீட்டுக்குப் போறேன்."

"தூக்கத்துக்கு என்ன பண்ணுவ?"

"இதுக்கு முன்னாடி தூங்காம இருந்ததில்லையா? இருந்துக்கலாம். அவ தனியா இருக்கா."

அந்த நேரத்தில் வேலிக் கதவு கிறீச்சென்றது. ரேலீன் நிற்கிறாள். ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் கெட்டில், கக்கத்தில் அவளுடைய தலையணை.

இருவரும் ஒருவர் பெட்டியை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் ரேலீன்.

"உன்கிட்ட. நீ எங்க?"

"உன்கிட்டதான், முட்டாளே!" கீழே கிடந்த செடியைப் பார்த்தாள். "அய்யோ பாவி, வெட்டிட்டியா! ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"நீ வர்றேன்னு சொல்லலையே."

"நீ வெட்டுவேன்னு சொன்னியா?"

அவள் வந்து மண்வெட்டியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். நின்றிருந்த செடியை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள், இதற்குத்தானே இவ்வளவும் என்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"க்ளென், பின்னறைல ரெண்டு பேர் குடியிருக்கலாமா? ஏப்ரல் வரைக்கும். நிஜமாக் குடியிருப்போம். பல்லுகூட இங்கதான் விளக்குவேன்."

ஏப்ரல் வரைக்கும் மூன்று பேராகச் சாப்பிட்டோம். ஒரு செடிதான், ஆனால் இரண்டு செடி அளவுக்குப் பூத்தது. உறைபனிக்கு முன்பே அறுத்துக் காயவைத்தார். அது முடிந்ததும் இரண்டு பெட்டி, இரண்டு தலையணை, கெட்டில் எல்லாம் சின்னக் கதவு வழியாகத் திரும்பிப் போயின. வெறும் பாத்தி மட்டும் மிஞ்சியது. எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை. அவர்கள் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை சேர்ந்து தெரியும்போது நன்றாக இருக்கட்டும் என்றும் நினைப்பேன், ஒற்றைத் தட்டை எடுக்கும்போது திட்டவும் செய்வேன்.

அடுத்த வசந்தத்தில், பனி விட்ட பிறகு, தோட்டத்தில் களை பிடுங்கப் போனேன். அந்தப் பழைய பாத்தி கொத்திக் கிளறப்பட்டு, எரு போடப்பட்டிருந்தது. நடுவில் இரண்டு நாற்று. சரியாக இரண்டு. நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில், நடுவே தாராளமாக இடைவெளி விட்டு, பக்கத்தில் ஆளுக்கொரு குச்சி ஊன்றி, மேலே போஸம் வலையும் கட்டி.

வேலிக்கு அந்தப் பக்கம் வாரிக் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாரிக்! இது என்னய்யா என் பாத்தில?"

அவர் எட்டிப் பார்த்தார். முகம் காது வரை சிவந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு மஞ்சள் கோட்டையும் தாண்டாத மனுஷன், தண்ணீர்க் குழாயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"மேக்பை போட்டிருக்கும்," என்றார்.

உள்ளேயிருந்து ரேலீன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"உனக்கு ரெண்டுதான் க்ளென்," என்றார் வாரிக், தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணாவது முளைச்சா புடுங்கிடு."